மூன்றாம் வரிசை விளக்கு

செப்டம்பர் 5

அக்கா,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. நீ அனுப்பிய தாள் ஒன்றைப் பற்றிக் கேட்கணும் என்று செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை. மாமாவைக் கூப்பிட்டால், "உங்க அக்கா நல்லாத்தாம்மா இருக்கா, வேலை ஜாஸ்தி" என்கிறார். நன்றாக இருக்கிறவள் எதற்குத் தங்கையின் போனுக்கு ஒளிய வேண்டும்? அதனால் பழையபடி கடிதம். ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் தவறாமல் எழுதி உன் உயிரை எடுப்பேனே, அந்த மாதிரி.

விஷயம் இதுதான். போன வாரம் என் தீசிஸின் இரண்டாம் அத்தியாயம் பட்டறைக்குப் போனது. எங்கள் பட்டறை எப்படி நடக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன், நீ பாதி காதில்தான் வாங்கியிருப்பாய். ஆய்வு மாணவர்கள் ஐந்து பேர், ஒரு வட்ட மேசை. யாருடைய அத்தியாயமோ அவர் மேசையில் உட்காரக் கூடாது. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். மற்ற நாலு பேரும், எழுதியவர் செத்தே போய்விட்ட மாதிரி, எழுத்தை மட்டும் வைத்துப் பேசுவார்கள். விளக்கம் சொல்லக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. தீசிஸ் வெளியே போனால் கூடவே நாமும் போய் விளக்கம் சொல்லப்போவதில்லையே என்பது எங்கள் கைடின் நியாயம்.

உன் ஆடிட்டர் அலுவலகப் பெரியவர் அனுமதி கொடுத்து, நீயே ஆள் பெயர், கம்பெனி பெயர், தேதி எல்லாவற்றையும் கத்தரியால் வெட்டி எண் போட்டு அனுப்பினாயே நூற்றுப் பன்னிரண்டு தாள், அதுதான் அத்தியாயம். ஆடிட்டர் குடோனுக்கு நேரில் போய்ச் சரக்கை எண்ணிவிட்டு எழுதி வரும் தாள்கள். கண்ணால் பார்த்ததை ஓர் ஆடிட்டர் எப்படி வார்த்தையில் வைக்கிறார் என்பதுதானே என் ஆராய்ச்சி. அதில் முப்பத்தேழாம் தாள் என் செல்லப்பிள்ளை. அத்தியாயமே அதிலிருந்து ஒரு மேற்கோளோடுதான் தொடங்குகிறது: "மூன்றாம் வரிசையில் விளக்கு எரியவில்லை, டார்ச் அடித்து எண்ணினோம். ஸ்டோர் கீப்பர் முழு நேரமும் உடனிருந்து ஒத்துழைத்தார்." நேரில் போனவருக்கு மட்டும்தான் இப்படி எழுத வரும் என்று ஒன்றரைப் பக்கம் புகழ்ந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர், வானிலை அலுவலகத்தில் பத்து வருஷம் மழையளவு எழுதிக்கொண்டிருந்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவர். வானிலை என்றே கூப்பிடுவோம். எண்ணைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் உள்ள எண்களின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். 55, 188, 311 இப்படிக் கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பது பத்து எண்ணுக்கு ஒன்றாவது தானாக வரும். முப்பத்தேழாம் தாளில் அறுபத்துநாலு வகைச் சரக்கு. ஆறு ஏழு இடத்திலாவது வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. ஆளுங்க மனசுல இருந்து எண் எழுதும்போது ஒரே இலக்கத்தை ரெண்டு தடவ போட கை கூசும் என்றார் வானிலை. எல்லோரும் முப்பத்தேழாம் தாளைத் தேடி எடுத்தார்கள். பிறகு பென்சில் (எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவாள், அதனால் அந்தப் பெயர்) மெதுவாகச் சொன்னாள்:

"அப்படின்னா இவர் அந்த குடோனுக்குப் போகவே இல்ல."

நான் ஜன்னல் நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்க முடியாது.

தற்செயலாகவும் இப்படி வரலாம், ஆயிரத்தில் ஒரு தடவை. அந்த ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்குப் பெயர்கூட வேண்டாம், அவரிடம் நீயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல். பயமாக இருக்கிறது அக்கா.

உன் வாலு

*

செப்டம்பர் 9

வாலு,

போனில் பேசாதே, செய்தியும் அனுப்பாதே. என் போன் அலுவலகக் கணினியோடு சேர்ந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடிதம் வீட்டுக்கு மட்டும்.

முப்பத்தேழாம் தாளை எடுத்துவிடு. நூற்றுப் பதினொன்று போதும். எண்களைப் புதிதாக வரிசைப்படுத்திக்கொள். அந்த மேற்கோளுக்கு வேறு ஒன்றைப் போடு. எழுபத்தெட்டாம் தாளில் எலித்தொல்லை பற்றி ஒரு நல்ல வரி இருக்கிறது.

யாருடையது என்று கேட்காதே. ஏழெட்டு வருஷமாகக் குடோன் குடோனாக அலைகிற ஆட்களின் தாள்கள் அவை. ஏஸி அறையில் உட்கார்ந்து கடைசி இலக்கம் பார்ப்பவர்களுக்கு அந்தத் தூசி தெரியாது. உன் வானிலைக்காரரிடம் மழை எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்.

மாமாவுக்கு இருமல் விடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ என்னைத் திட்டும்போது இப்படி எழுத மாட்டாய். திட்டினால் ஒரு பக்கம் திட்டுவாய், கடைசியில் ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பாய். இது உன் அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் மாதிரி இருக்கிறது.

தாளை எடுக்க முடியாது. நாலு பேர் படித்துவிட்டார்கள், கைடின் மேசையிலும் ஒரு பிரதி இருக்கிறது. முப்பத்தாறுக்குப் பிறகு முப்பத்தெட்டு வந்தாலும் கேட்பார்கள், எண்ணை மாற்றினாலும் கேட்பார்கள். பொய் எழுதிய தாளைக் கண்டுபிடித்துவிட்டு அதை நானே ஒளித்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆடிட்டர்களின் சாட்சியம் பற்றித் தீசிஸ் எழுதுவேன்?

இதைவிட மோசம் ஒன்று. வானிலை நல்ல மனிதர், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, உங்கள் பெரியவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அசல் தாளைப் பார்க்கலாமா என்று கேட்கப்போவதாகச் சொல்கிறார். அடுத்த பட்டறை வரை பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். "உடனிருந்து ஒத்துழைத்தார்." மாமாவைப் பற்றிப் பேசும்போது நீ அடிக்கடி சொல்வாயே, வீடு மாறிய அன்று முழு நேரமும் உடனிருந்து ஒத்துழைத்தார் என்று கிண்டலாக. எத்தனை வருஷமாகக் கேட்ட வார்த்தை. எனக்கு எப்படி உறைக்காமல் போனது என்று தெரியவில்லை.

முப்பத்தேழு நீயா?

*

செப்டம்பர் 20

வாலு,

நான்தான்.

இதை எழுத நாலு நாள் ஆகியிருக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இனி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மார்ச் மாதம். ஒரு கம்பெனியின் மோட்டார் உதிரிபாக குடோனுக்கு நான் போக வேண்டிய நாள். அன்று எனக்குத் தவிர்க்க முடியாத சொந்த வேலை ஒன்று வந்தது. லீவு கேட்டால் பெரியவர் வேறு ஆளை அனுப்பியிருப்பார். கேட்கவில்லை. அந்த வருஷம்தான் எனக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் பொறுப்பு கொடுத்திருந்தார், முதல் வருஷமே லீவா என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறொரு கம்பெனி இருந்தது.

வேறொருவர் எண்ணி எழுதிய போன வருஷத் தாள் பையில் இருந்தது. ஒரு நீளமான வராந்தாவில் மர பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு சரக்காகக் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும் எழுதினேன். ஐம்பது, நூறு என்று முழு எண்ணாக வந்தால் சந்தேகம் வருமென்று தவிர்த்தேன். ஐம்பத்தைந்தையும் தவிர்த்திருக்கிறேன், உன் வானிலைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. எண்களை எழுதி முடித்த பிறகு தாள் மொட்டையாக இருந்தது. நேரில் போனவள் எழுதினது போல் இருக்கட்டும் என்று விளக்கு எரியாத மூன்றாம் வரிசையைப் போட்டேன். டார்ச்சைப் போட்டேன். ஸ்டோர் கீப்பரையும் போட்டேன். அந்த மனிதரை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

டைப் அடித்த தாளைக் கம்பெனி டிரைவர் வந்து வாங்கிப் போனார். குடோனில் ஸ்டோர் கீப்பரிடம் காட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்துவிட்டார் போல. கம்பெனி என் எண்ணையே உண்மை என்று வைத்துக்கொண்டு, தன் புத்தகத்தை அதற்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டது.

ஜூலையில் கம்பெனி கை மாறியது. புதிதாக வந்த ஆடிட்டர்கள் நிஜமாகவே போய் எண்ணினார்கள். தாமிரக் கம்பிச் சுருள், நான் எழுதினது முந்நூற்று நாற்பத்தேழு. இருந்தது இருநூற்றுத் தொண்ணூறு. ஐம்பத்தேழு சுருளைக் காணோம். குடோன் சாவி ஸ்டோர் கீப்பரிடம். வேலையைவிட்டு நீக்கி, திருட்டு வழக்கும் போட்டார்கள். மார்ச்சில் யாரும் எண்ணவே வரவில்லை, கையெழுத்துக் கேட்டார்கள் போட்டேன் என்று அவர் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். திருடினவன் வேறென்ன சொல்வான் என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தபோது பெரியவர் சொன்னார்: "நம்ம பேப்பர் சுத்தமா இருக்கு." நான் தலையாட்டினேன்.

அந்த ஐம்பத்தேழு சுருளை யாரும் எடுக்கவில்லை வாலு. அவை என் பேனாவில் மட்டும்தான் இருந்தன.

மூன்று வருஷமாக வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. அவர் ஜாமீனில் இருக்கிறார். அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி கடைசி விசாரணை என்று கேள்விப்பட்டேன்.

அந்தத் தாளை ஏன் உனக்கு அனுப்பினேன் என்று கேட்பாய். தாள்கட்டுக்குள்ளிருந்து அதை எடுத்து மேசை மேல் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. பிறகு திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். யாராவது கண்டுபிடித்துத் தொலைக்க மாட்டார்களா என்று பாழாய்ப்போன ஒரு ஆசை. இப்போது கண்டுபிடித்ததும் வேண்டாமே என்று இருக்கிறது. வெளியே வந்தால் என் லைசென்ஸ் போகும். என் மேலேயே வழக்கு வரலாம். பெரியவரின் நாற்பது வருஷப் பெயர் போகும். என்னால் முடியாது. நீ பேசாமல் இருந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 24

அக்கா,

பேசாமல் இருக்கிறேன். ஜன்னல் நாற்காலியில் நன்றாகப் பழகியிருக்கிறேன்.

இரண்டு வருஷமாக அந்த வரியை நாலு கருத்தரங்கில் வாசித்திருக்கிறேன். கைதட்டினார்கள். "ஸ்டோர் கீப்பர் முழு நேரமும் உடனிருந்து ஒத்துழைத்தார்" என்று நான் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் எந்தக் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தாரோ.

உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான், பெருமையாக எடுத்துக்கொள்ளாதே. வானிலையிடம் பெரியவருக்கு எழுத வேண்டாம், தாளை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

சின்ன வயதில் நான் பக்கத்து வீட்டு மீன் தொட்டியை உடைத்தபோது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தியவள் நீ. "சொல்லு" என்றாய். நான் அழுதுகொண்டே சொல்லும் வரை கையை விடவில்லை. அந்த அக்கா எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு எனக்கு எழுதாதே.

*

அக்டோபர் 3

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். டிவியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சட்டையை மடித்துக்கொண்டே, "அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்றார். தெரியாது என்றேன். அவருக்கு எத்தனை வயது, கறுப்பா சிவப்பா, ஒன்றும் தெரியாது எனக்கு. முழு நேரமும் உடனிருந்தவர்.

அந்த மனிதரின் வக்கீலைத் தேடிப் போய்ப் பார்த்தேன். படி ஏறும்போது இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். சின்ன அறை, ஃபேன் கூடச் சரியாகச் சுற்றவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் திகைத்துப்போனார். எங்கள் தாளை அவர் பார்த்ததே இல்லையாம். மொத்த எண்ணிக்கைக்கான சான்றிதழ் மட்டும்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுங்கள், இருபத்துமூன்றாம் தேதி நேரில் வந்து சொல்லுங்கள் என்றார். வந்தால் உங்களுக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். திரும்பி வரும் வழியில் எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றே நினைவில்லை.

வாக்குமூலத்தை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இதோடு வைத்திருக்கிறேன். பெயர்களை வெட்டியிருக்கிறேன், தேதியை மட்டும் வெட்டவில்லை. இதை உன் பட்டறையில் கொடு.

நிஜமாகத்தான் சொல்கிறேன். பதினைந்து வருஷமாகச் சுத்தமாகத் தெரியும்படி எழுதிப் பழகிய கை இது. எங்கே ஒளிகிறேன் என்று எனக்குத் தெரியாது. உன் ஆட்கள் கண்டுபிடிப்பார்கள். யார் எழுதினது என்று கேட்டால் முப்பத்தேழு என்று சொல்.

நீ ஜன்னல் நாற்காலியில் என் இடத்தில் உட்கார்ந்துகொள்.

அக்கா

*

அக்டோபர் 10

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே தேதியைப் பார்த்தேன். மார்ச் பதினான்கு. பார்க்காதது போல மடித்து வைத்துவிட்டேன். நானும் உன் தங்கைதானே.

நேற்றுப் பட்டறை நடந்தது. முதலில், இது அத்தியாயம் இல்லை, முப்பத்தேழாம் தாளை எழுதியவர் இப்போது எழுதியது, பிரதிகளை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள் என்றேன். ஒருவரும் காபியைத் தொடவில்லை. நான் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

நாலு பேரும் உன்னை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏதோ உடைந்த பாத்திரத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் போனார்கள். "எண்ணிக்கை மேற்கொள்ளப்படவில்லை" என்று எழுதியிருந்தாயே, யார் மேற்கொள்ளவில்லை என்று வானிலை கேட்டார். "நான் போகவில்லை, நான் எண்ணவில்லை" என்று எழுத வேண்டும் என்றார். விளக்கையும் டார்ச்சையும் பற்றி நீ ஒன்றும் எழுதவே இல்லை என்பதைப் இன்னொருவர் கவனித்தார். எண்ணைக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், விளக்கைச் சொன்னால் வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும், அதனால்தான் விட்டிருக்கிறார் என்றார்.

கடைசியில் பென்சில் ஒரே ஒரு இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். "தவிர்க்க முடியாத சொந்தக் காரணத்தால்."

"இதுல மட்டும் இவங்க யாரையோ மறைக்கறாங்க" என்றாள். "தன்னை இல்ல. வேற யாரையோ."

அவரவர் யூகம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியா, குழந்தைக்குக் காய்ச்சலா, கள்ளக் காதலா என்றுகூட. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து இதுவரை யாரும் நேரத்துக்கு முன் பேசியதில்லை. நான் பேசிவிட்டேன்.

"என்னாலதான்" என்றேன்.

எழுந்து கதவைத் திறந்து வராந்தாவைக் காட்டினேன். அந்த பெஞ்சு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, ஒரு கால் மட்டும் புதிது. மார்ச் பதினான்கு இந்தப் படிப்புக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. முந்தின நாள் போனில், எனக்கு வராது, நான் போக மாட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டினேன். நீ விடிகாலை பஸ்ஸைப் பிடித்து நாலு மணி நேரம் வந்தாய். ஹாஸ்டல் குளியலறைக் கதவைத் தட்டி என்னை வெளியே எடுத்து, தலைவாரி, இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கதவுக்குள் தள்ளினாய். "லீவு போட்டுட்டேன்டி, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாய். நான் வெளியே வந்தபோது மடியில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கக்கூட இல்லை. இடம் கிடைத்த சந்தோஷம்.

மூன்று வருஷமாகத் தினமும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் அறைக்குப் போகிறேன்.

கைடிடமும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சொந்த அக்காவின் தாள், அதுவும் பொய்த்தாள், வழக்கில் இருப்பது. துறைக் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டுமாம். தீசிஸை முதலிலிருந்து தொடங்கச் சொல்லலாம், இடத்தையே ரத்து செய்யலாம். குழு கூடுவது இருபத்துமூன்றாம் தேதி காலை பத்தரை. நீ ஒரு கதவுக்கு வெளியே இருப்பாய், நான் ஒரு கதவுக்கு வெளியே. இந்தத் தடவை உன்னோடு வந்து உட்கார எனக்கு வழியில்லை.

வாக்குமூலத்தில் காரணத்தை எழுது. என் பெயரைப் போட்டு எழுது. நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், தேதி இருக்கிறது. வட்டம் போட்ட பிரதியும் இருக்கிறது. பென்சில் கீழே ஏதோ எழுதி அழித்திருக்கிறாள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. "பயப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறாள். அது பொய் என்று நினைத்து அழித்திருப்பாள்.

நான் செப்டம்பரில் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. மீன் தொட்டியை மட்டும் மறக்காதே.

வாலு

*

அக்டோபர் 15

வாலு,

மண்டு. உன்னால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. நீ குளியலறையில் அழுதாய், அது தப்பில்லை. உன்னோடு வந்தேன், அதுவும் தப்பில்லை. பேனாவை எடுத்தது நான். காரணத்தை எழுதிவிட்டேன், ஆனால் அதற்கு அடுத்த வரியாக இதையும் எழுதியிருக்கிறேன். விளக்கையும் எழுதிவிட்டேன். அதை எழுதும்போதுதான் அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பெரியவரிடம் நேற்றுச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைச் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

பயம் போகவில்லை. மாமா உடன் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். குழுவுக்குப் போகும்போது அந்த நீலச் சட்டையைப் போடாதே, அதில் நீ நோயாளி மாதிரி இருப்பாய். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 23, காலை பதினொன்று

வாலு,

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் மர பெஞ்சுதான். உன் விஷயம் என்ன ஆனதோ தெரியவில்லை, போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். காகிதத்தை மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

நான் வந்தபோது உட்கார இடமில்லை. ஒருவர் தன் துணிப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, இஸ்திரி போட்ட பழைய சட்டை. ரொம்ப நேரமாச்சாம்மா வந்து, தண்ணி வேணுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். நான் பாட்டிலையே காலி செய்ததைப் பார்த்துவிட்டு, முதல் தடவை வரும்போது அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் கோர்ட் ஆள் வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். வாக்குமூலத்தில் நான் ஒன்பது இடத்தில் எழுதிய பெயர். பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்றார். இன்னும் கால் மணி ஆகும், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போனார். இவர் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எந்தக் கேஸும்மா?" என்று கேட்டார்.

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. என் கையை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"உங்க கேஸ்தாங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தா, போன வருஷத் தாள், ஐம்பத்தேழு சுருள், உன் நேர்முகத் தேர்வு, விளக்கு, டார்ச். அவர் முழுதும் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. உங்கள் ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல அப்படியே இருந்தார். நான் முடித்த பிறகும் நெடுநேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். அடித்தாலும் பரவாயில்லை என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அங்க மூணாவது வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா. ரெண்டு வரிசைதான். ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

இதை உன் அத்தியாயத்தில் எழுதிக்கொள், எழுத விட்டால். வக்கீல் கதவருகில் நின்று கை காட்டுகிறார். பக்கத்திலிருந்தவர் எழுந்துவிட்டார், எனக்காக நிற்கிறார். நாங்கள் உள்ளே போகிறோம்.